நான்காவது கப்பி சுற்றவில்லை

பட்டறையில் அவளை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் மாடியக்காதான். கூரையை ஒட்டி, தரையிலிருந்து நாற்பத்திரண்டு ஏணிப்படி ஏறிப் போனால், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருக்கும். அதில் உட்கார்ந்துதான் அவள் கிரேன் ஓட்டினாள். காலை ஏழு மணிக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். தொங்கவிட்ட சரக்குக்கு அடியில் முட்டை வைத்தால்கூட உடையாமல் தொட்டு நிறுத்துவாள் என்று பட்டறையில் பேச்சு உண்டு. ஒரு தடவை பந்தயம் கட்டி, நாலு டன் பல்சக்கரப் பெட்டியை இறக்கி நிறுத்தியும் காட்டினாள். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில்தான் தகராறு வந்தது.

அந்தப் பட்டறைக்கு அவள் முதலில் வந்தது தரை பெருக்க. எட்டு வருஷம் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளினாள். கிரேன் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது தன் பெயரையும் எழுதினாள். யாரோ விளையாட்டுக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைத்த மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டார். அடித்த பெயருக்குக் கீழேயே மறுபடி எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டாள். அதற்குமேல் அவரால் விளையாட்டு என்று சொல்ல முடியவில்லை.

மேலே ஏறிய முதல் வருஷத்தில் ஒரு தப்பு நடந்தது. கீழே நின்று கைச்சைகை காட்டுபவர் ‘நில்’ என்று காட்டியதை ‘இறக்கு’ என்று எடுத்துக்கொண்டாள். சரக்கு ஆடி ஒரு கடைசல் எந்திரத்தின் மூடியை நசுக்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று எழுதிக்கொள்ளலாம், பாதிப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சைகைக்காரரே சொன்னார். அவள் இறங்கி வந்து, ‘சைகையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்’ என்று பதிவேட்டில் ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறிப் போய்விட்டாள். அந்த ஒரு வரியைத்தான் பட்டறையில் இன்றும் சொல்வார்கள்.

அவளுக்கு ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. அந்தப் பெண்ணின் ஒரே குறை, அம்மாவைப் பற்றி அளந்துவிடுவது. எங்கம்மா யானையைத் தூக்குவாள், எங்கம்மா கப்பலைத் தூக்குவாள் என்று ஆரம்பித்து, எந்திரம் என்றால் எங்கம்மாவுக்குத் தெரியாததே கிடையாது என்பதில் வந்து நின்றிருந்தது. எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்கிற அறிவியல் கூடத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போகிறார்கள், எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெற்றோர் கூட வர வேண்டும் என்று பள்ளியில் சொன்னதும், யாரையும் கேட்காமல் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். போகும் நாள் வியாழக்கிழமை. மாடியக்காவுக்கு வார விடுமுறையும் அன்றுதான். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வசமா மாட்டிவிட்டிருக்கா உன்னை. அங்க முன்னூறு எந்திரம் இருக்காம்” என்றார்.

“முன்னூத்துல நாலஞ்சாவது தெரியாமலா போகும்” என்றாள் மாடியக்கா.

வகுப்பாசிரியை பிள்ளைகளைப் பிரித்தபோது, யாருக்கும் அடங்காத எட்டுப் பேராகப் பார்த்துப் பொறுக்கி இவளிடம் தள்ளிவிட்டார். அதில் மகளும் உண்டு. ஏன்காரன் ஒருவன் இருந்தான். வாயைத் திறந்தால் ‘ஏன்’ தவிர வேறு எதுவும் வராது. சனி என்று ஒருத்தி இருந்தாள். வேறு எந்தப் பிள்ளையையாவது அப்படிக் கூப்பிட்டால் வீட்டில் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவளோ வளையம் போட்ட அந்தக் கிரகத்தின்மேல் பைத்தியமாகி, தானே அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் மேலும் எழுதி வைத்திருந்தாள். அன்று மதியம் இரண்டரை மணிக்கு அறிவியல் கூடத்தின் வட்ட அரங்கில் கிரகங்களைக் காட்டுவார்கள் என்பதால், முந்தின நாளிலிருந்தே அவள் தரையில் நிற்கவில்லை.

பேருந்து போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். அதில் முதல் பத்து நிமிஷத்திலேயே, கத்தினால் இந்த எட்டுப் பேரிடம் வேலைக்காகாது என்று மாடியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையிலும் அப்படித்தான். எந்திர இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது, கைதான் பேசும். அந்தக் கைப்பேச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ‘ஏற்று’. கீழே நீட்டிச் சுழற்றினால் ‘இறக்கு’. உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு கையை நீட்டி வீசினால் ‘நில்’. இரண்டு கையையும் நீட்டி வீசினால், என்ன வேலை நடந்தாலும் அந்த நொடியே நிற்க வேண்டும். இந்தக் கடைசியை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், பெருக்குகிற ஆள்கூடக் காட்டலாம், கிரேன் நின்றே ஆக வேண்டும் என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மீதி வழியெல்லாம் ஒருவரை ஒருவர் நிறுத்திக்கொண்டே வந்தார்கள்.

அறிவியல் கூடத்தின் வாசலில், ஒரு ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள்: தொடுங்கள், திருப்புங்கள், இழுங்கள். உள்ளே நுழைந்ததும் சந்தைக்கடை மாதிரி ஒரே சத்தம். குழாயில் காற்று சீறியது, உலோகத் தகடுகள் அதிர்ந்தன, எங்கோ ஒரு பந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பெற்றோர்கள் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்க, மாடியக்கா ஒரு கையை வீசினாள். எட்டும் நின்றன. விரலால் வழி காட்டினாள். எட்டும் நடந்தன. ஆசிரியை சந்தேகப்பட்டு இரண்டு தடவை வந்து தலையை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு இரட்டைத் தடம் வைத்த மேஜைக்கு வந்தார்கள். இரண்டு தடமும் ஒரே உயரத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிந்தன. ஒன்று லேசான சரிவாக நேரே போனது. மற்றது நடுவில் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி வந்து சேர்ந்தது. இரண்டு இரும்புக் குண்டுகளை ஒன்றாக விட்டால் எது முதலில் போய்ச்சேரும் என்பது கேள்வி. மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கம்மா சொல்லட்டும் என்றாள். பக்கத்துக் குழுப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள்.

மாடியக்கா தடத்தைக் கண்ணால் அளந்தாள். பள்ளத் தடம் நீளம் அதிகம், போதாததற்கு ஒரு ஏற்றமும் இருக்கிறது. தயக்கமே இல்லாமல் நேர்த்தடத்தைக் காட்டினாள்.

பள்ளத்தில் போன குண்டு அலட்டிக்கொள்ளாமல் முன்னால் போய் நின்றது. நேர்த்தடக் குண்டு பின்னாலேயே அசைந்து அசைந்து வந்தது.

பக்கத்துக் குழு சிரித்தது. மகளின் முகம் சுண்டிப்போனது. யாரோ குண்டைச் சரியாக விடவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மாடியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. தானே நாலு தடவை விட்டுப் பார்த்தாள். நாலு தடவையும் பள்ளம்தான் ஜெயித்தது. “நான் சொன்னது தப்பு” என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்லிவிட்டு, குனிந்து ஐந்தாவது தடவையும் விட்டாள். இந்தத் தடவைதான் அவளுக்குப் பிடிபட்டது. பள்ளத்தில் இறங்கும் குண்டு ஆரம்பத்திலேயே வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதை வைத்தே கூடுதல் தூரத்தையும் ஓடிக் கடந்துவிடுகிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தோற்றுப்போன ஆள் மாதிரியே இல்லை என்று ஏன்காரன் பிறகு வீட்டில் சொன்னானாம். மகள் மட்டும் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. குழுவின் கடைசி ஆளாக, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிள்ளைகள் திரும்பியபோது மணி ஒன்றே முக்கால். கூடத்தின் கோடியில் உயரமான இரும்புச் சட்டம் ஒன்று நின்றது. அதில் மூன்று மணல் மூட்டைகள் தொங்கின. மூன்றும் இருபது கிலோ. முதல் மூட்டையின் கயிறு ஒரே கப்பி வழியாகப் போனது. இரண்டாவதுக்கு இரண்டு கப்பி. மூன்றாவதுக்கு மேலே இரண்டு, மூட்டையோடு சேர்ந்து கீழே இரண்டு, ஆக நாலு கப்பி. மூன்றாவது மூட்டையைத் தூக்க ஐந்து கிலோ பலம் போதும், சின்னக் குழந்தையும் தூக்கலாம் என்று பலகை சொன்னது.

பிள்ளைகள் வரிசையில் நின்று இழுத்தார்கள். முதல் மூட்டை அசையவே இல்லை. இரண்டாவது முக்கி முனகி ஏறியது. மூன்றாவதை இழுத்த ஏன்காரன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். இது இரண்டாவதைவிடக் கனமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டான். அங்கே விளக்கம் சொல்வதற்காக நீலச் சட்டையில் நின்ற இளம்பெண், நேராக நின்று இழுக்க வேண்டும் என்றாள். நேராக நின்று இழுத்தான். அப்படியும் கனம்தான்.

“அந்தச் சக்கரம் சுத்தவே இல்லையே, ஏன்?” என்றான்.

கீழே இருந்த இரண்டு கப்பிகளில் ஒன்றை அவன் காட்டினான். மாடியக்கா அதுவரைக்கும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது பக்கத்தில் போய் நின்று கயிற்றைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். மேலே கட்டிய நுனியிலிருந்து கீழே, அங்கிருந்து மேலே, அப்புறம் மேலேயே பக்கத்துக் கப்பிக்குத் தாவி, நேரே இழுப்பவன் கைக்கு. கீழே இருக்கும் இன்னொரு கப்பி வழியாகக் கயிறு போகவே இல்லை. அது சும்மா ஊர்சுற்றப் போகிறவன் மாதிரி மூட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “அம்மா, நீ எதுவும் சொல்லாத. இதுவும் தப்பாயிடுச்சுன்னா?” என்றாள் மெல்லிய குரலில்.

“ஆனா ஆகட்டுமே” என்றாள் மாடியக்கா. “தப்புன்னா இன்னொண்ணு தெரிஞ்சுக்கலாம். நான் சொல்றத யாரும் நம்ப வேண்டாம். நீயே எண்ணு. மூட்டையைத் தாங்கிட்டு நிக்கற கயிறு எத்தனை?”

மகள் எண்ணினாள். இரண்டாவது மூட்டையை இரண்டு கயிறு தாங்கியது. மூன்றாவதையும் இரண்டுதான். மற்றப் பிள்ளைகளும் எண்ணினார்கள். அதே இரண்டு.

நீலச் சட்டைப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எத்தனையோ பள்ளிகள் வந்து இழுத்திருக்கின்றன, யாரும் குறை சொன்னதில்லை, பலகையைப் பெரிய படிப்பாளிகள் எழுதியிருக்கிறார்கள் என்றாள். காலையில் தடத்துப் பக்கம் நடந்ததும் அவள் காதுக்கு வந்திருந்தது போல. லேசாக ஒரு சிரிப்பும் இருந்தது. மாடியக்கா வாதாடவில்லை. அடுத்த மேஜையில் பொருள்களைத் தொங்கவிட்டு நிறுத்துப் பார்க்கும் கைத் தராசு ஒன்று கிடந்தது. மகளைப் பார்த்து, அதை இழுக்கும் நுனியில் மாட்டு என்று விரலால் காட்டினாள்.

மகள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய் எடுத்து வந்தாள். தானே மாட்டினாள், தானே இழுத்தாள், முள்ளையும் தானே படித்தாள்.

“பதினொண்ணு” என்றாள். இரண்டாவது மூட்டையில் மாட்டிப் பார்த்தாள். “பத்தரை.” குரல் திரும்பி வந்துவிட்டது. நீலச் சட்டைப் பெண் தராசை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தாள். சிரிப்பு மறைந்துவிட்டது. யாரையோ போனில் கூப்பிட்டாள்.

வந்தவர் அந்தக் கூடத்தின் பழுதுபார்ப்பவர். இடுப்பில் சாவிக்கொத்தும் திருப்புளிகளும் தொங்கின. போன வாரம்தான் பழைய கயிற்றை மாற்றினேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். ஏன்காரன் கயிற்றை அவரிடம் நீட்டினான். இழுத்தார். சுற்றாத கப்பியைப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

“ஆமா. விட்டுட்டேன்” என்றார்.

திங்கட்கிழமை கூடம் மூடியிருக்கும்போது சரிசெய்கிறேன், அதுவரைக்கும் ‘பழுது’ என்று பலகை மாட்டிவிடலாம் என்றார். பத்து நிமிஷ வேலை, இப்போதே கோத்துவிடலாமே, கீழே நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள் மாடியக்கா. பார்வையாளர்கள் தொடக்கூடாது என்றார் அவர். சொன்ன பிறகுதான் எட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏணி எடுத்து வரப் போனார்.

இங்கேதான் நேரம் கைவிட்டுப் போனது. ஏணி வர ஏழு நிமிஷம். மூட்டையைத் தரையில் இறக்கிக் கயிற்றை உருவியெடுக்க ஐந்து. அவர் மேலே ஏறிக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்ள, கீழே கப்பிக்குப் பக்கத்தில் மாடியக்கா நின்றாள். பதினோரு வருஷமாக மேலே உட்கார்ந்து சைகை வாங்கியவள், முதல் தடவையாகக் கீழே நின்று சைகை கொடுத்தாள். இறக்கு. இன்னும் இறக்கு. நில். பின்னால் எட்டுப் பேரும் அதே சைகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் கயிறு கப்பியின் பள்ளத்தை விட்டு விலகி விளிம்பில் ஏறியது. மாடியக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சனிதான் பார்த்தாள். இரண்டு கையையும் விரித்து வீசினாள். பழுதுபார்ப்பவருக்கு அது என்ன சைகை என்று தெரியாது, ஆனாலும் நிறுத்திவிட்டார். கயிறு மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்ததும், அந்தப் பொண்ணுக்கு நல்ல கண்ணு என்று மேலேயிருந்து சொன்னார்.

மகள் இழுத்தாள். நாலு கப்பியும் சுற்றின. தராசு ஐந்தரை காட்டியது. பலகையில் ஐந்துதானே போட்டிருக்கிறது, அரைக் கிலோ ஏன் கூட என்று கேட்டான் ஏன்காரன். நாலு சக்கரம் வேலை செய்தால் நாலும் கொஞ்சம் கொஞ்சம் தின்னத்தான் செய்யும், எண்ணெய் போட்டால் குறையும், அடியோடு போகாது என்றார் பழுதுபார்ப்பவர். அவன் அதற்கும் ஏன் என்றான்.

அப்போது ஆசிரியை வேகமாக வந்தார். மணி இரண்டு நாற்பது. வட்ட அரங்கின் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருட்டாக்கிய பிறகு யாரையும் விடமாட்டார்கள். அவர்கள் பள்ளிக்கு இருந்தது அந்த ஒரே காட்சிதான்.

சனி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எட்டுப் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தால் மணியைப் பார்க்க வேண்டாமா என்று ஆசிரியை கடிந்துகொண்டார். நியாயமான கேள்விதான். மாடியக்கா அதை ஒப்புக்கொண்டாள். தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“வேலையில மூழ்கிட்டேன். உன் நேரத்தை நான் தின்னுட்டேன்” என்றாள். “ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். உங்க அம்மாகிட்ட நானே வந்து கேக்கறேன்.”

“எந்த ஞாயிறு?” என்றாள் சனி. பெரியவர்களிடம் நிறைய வாக்குறுதி வாங்கிய பிள்ளை அது.

மாடியக்கா அவள் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் மகள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டுப் பெண்ணிடம் அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தடத்தில் தோற்றதையும் சேர்த்துத்தான் சொன்னாள். யானையும் கப்பலும் வரவில்லை. மாடியக்கா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை நாள். இன்னொரு கிரேன் ஓட்டுநரிடம் நாள் மாற்றிக்கொண்டு, அவருக்காக இரண்டு வியாழன் ஏறினாள். எட்டில் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேருக்கு வீட்டில் ஏதோ வேலை. வட்ட அரங்கில் சாய்ந்த நாற்காலி, குளிர்ந்த காற்று, இதமான இருட்டு. வாரம் முழுக்க ஏணி ஏறிய உடம்புக்கு வேறென்ன வேண்டும்? பூமியை விட்டுக் கிளம்பிய இரண்டாவது நிமிஷமே மாடியக்காவின் கண் மூடிக்கொண்டது. விளக்குப் போட்டபோது ஐந்து பிள்ளைகளும் அவளைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறட்டைச் சத்தம் செவ்வாய் வரைக்கும் கேட்டதாக மகள் சொன்னாள்.

சனிக்குத்தான் பொறுக்கவில்லை. காட்சியைப் பார்க்காமல் ஒருத்தர் வீட்டுக்குப் போவதா? பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். சூரியனிலிருந்து வரிசையாக, எது எவ்வளவு பெரிது, எங்கே எவ்வளவு குளிர், எதைச் சுற்றி எத்தனை நிலா. மாடியக்கா நடுநடுவே கேள்வி கேட்டாள். அந்த வளையம் ஒரே துண்டா, இல்லை துண்டு துண்டா? துண்டு துண்டாக இருந்தால் எது அதைப் பிடித்துவைத்திருக்கிறது? சனி நின்று, யோசித்து, நோட்டைப் புரட்டி, பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, அதைக் குறித்துக்கொண்டாள்.

அவர்கள் வியாழனைத் தாண்டும்போது பேருந்து வந்து நின்றது. நடத்துநர் ஏறச் சொன்னார். சனியின் முகத்தைப் பார்த்தாள் மாடியக்கா. இன்னும் அவள் கிரகமே வரவில்லை. நீங்கள் போங்கள், அடுத்த வண்டியில் வருகிறோம் என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டு, நிறுத்தத்துப் பெஞ்சில் ஐந்து பிள்ளைகளுக்கும் நெருக்கி இடம் பிடித்தாள்.

“ம், சொல்லு” என்றாள்.